மன்மதனை எரிக்க அனுமதி கோரி

பெறுநர்: சிறுநகர நாடக விழாவின் தெரிவுக் குழுவினர்
அனுப்புநர்: கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் காமன் கூத்துக்காரர்கள்

பெருமதிப்புக்குரிய ஐயா, அம்மா,

தங்கள் விண்ணப்பப் படிவம் கிடைத்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் வைத்து எல்லோரும் சேர்ந்து வாசித்தோம். எங்களுக்குத் தெரிந்த மட்டில் நிரப்பியிருக்கிறோம்.

1. நேரம் (45 நிமிடத்துக்கு மேற்படாமல்): மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் கம்பம் ஊன்றுவோம். பௌர்ணமியை ஒட்டித்தான் காமன் எரிவான். தங்கள் கணக்குப்படி வெட்டிப் பார்த்தோம். ரதி - மதன் கல்யாணத்துக்குப் பத்து நிமிடம். தாலியறுத்த ரதி அழுவதற்கு நாலு நிமிடம். இங்கே கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவார்கள். விடிய விடிய ஆடும் கூத்தை முக்கால் மணியில் முடித்தால் தாங்கள் எத்தனை பேர் போடுவீர்கள்?

2. எழுத்துப் பிரதி (மூன்று படிகள்): ஒரே படிதான் உண்டு. அது எங்கள் கூத்து வாத்தியாரின் தொண்டையில் இருக்கிறது, தற்சமயம் சளி. மேடைக் காட்சிகளைக் கட்டுப்படுத்த வெள்ளைக்காரன் 1912இலேயே சட்டம் போட்டான். அவன்கூட வாத்தியாரின் தாத்தாவிடம் வந்து படி கேட்டதாகக் கதையில்லை.

3. தீப் பாதுகாப்பு: மண்டபத்துக்குள் நெருப்பு கூடாது என்கிறீர்கள். அப்படியானால் நெற்றிக்கண்ணைத் திறக்க வேண்டாமென்று சிவபெருமானுக்குத் தாங்களே கடிதம் போட்டுவிடுங்கள். மன்மதனை எச்சரித்து விட்டுவிடலாம். தப்பு மேளத்தைக் காய்ச்ச ஒரு கட்டு மிலாறு, அதாவது காய்ந்த தேயிலைக் குச்சி, கொளுத்தவேண்டும். தோல் விறைக்காமல் அடித்தால் நனைந்த சாக்கில் அடித்த சத்தம்தான் வரும்.

4. மேடை உயரம்: அடுத்த முறை அருச்சுனன் தபசு போட யோசனை. தபசு மரம் தங்கள் மண்டபக் கூரைக்குள் அடங்காது. கூரையைக் கழற்றுவீர்களா, பாதி மரத்தில் பாசுபதம் கொடுத்து இறக்கிவிடுவீர்களா?

5. நடிகர் தகுதி: ரதியும் மதனும் விரதம் இருப்பவர்கள். பகலில் கொழுந்தெடுக்க மலைக்கும் போவார்கள். சான்றிதழ் இல்லை.

ஒரு சேதி சொல்ல அனுமதியுங்கள். 1947இல் எடின்பரோவில் பெரிய கலைவிழா தொடங்கியபோது, கூப்பிடாமலே எட்டு நாடகக் குழுக்கள் போய் ஓரமாக ஆடின. அந்த ஓரம் இன்று உலகப் பிரசித்தம். அங்கே தெரிவுக் குழு என்று ஒன்று கிடையாது. இடம் பிடிக்க முடிந்தவர் ஆடலாம். 1867இல் லூல்கந்தரவில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் எடின்பரோ இருக்கும் அந்த ஸ்கொட்லாந்துக்காரர்தான். அந்தச் சீமையிலிருந்து துரையை இறக்கினோம், காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டை இறக்கினோம், தோட்டத்துக்குப் பெயரைக்கூட இறக்கினோம். தெரிவுக் குழு இல்லாமல் ஆடும் இந்த வழக்கத்தை மட்டும் கப்பலிலேயே விட்டுவிட்டோம் போலும்.

குழு இல்லாவிட்டால் தரம் கெட்டுவிடும் என்று தாங்கள் கவலைப்படுவது புரிகிறது. எங்களிடமும் நடுவர்கள் உண்டு. முன்வரிசையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குந்தியிருக்கும் அப்பாயிமார். ரதி ஓர் அடியை விழுங்கினால் அந்த இடத்திலேயே எடுத்துக் கொடுப்பார்கள். மதன் சோம்பினால், "சோறு திங்கலையாடா?" என்பார்கள். புள்ளி போடமாட்டார்கள், அடுத்த மாசி வரைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் எங்கள் ஆட்கள் ஒத்திகைக்கு ஒழுங்காக வருகிறார்கள். தங்கள் நிராகரிப்புக் கடிதத்துக்கு அந்த வலு உண்டா?

ஆகவே தங்களிடமும் ஒரு விண்ணப்பம் கோருகிறோம். தெரிவாளராக விரும்புவோர் மாசிப் பனியில் ஒரு சாக்கு விரித்து, காமன் எரியும்வரை எழும்பாமல் இருக்கவேண்டும். கைபேசி பார்க்கக்கூடாது. இடையில் வாகனம் வந்துவிட்டது என்று கிளம்புகிறவர்களுக்கு அரைப்பேர். பரிசீலனை அப்பாயிமாருடையது, அவர்கள் முடிவே இறுதியானது.

படிவத்தின் கடைசிக் கேள்வி: "தெரிவாகாவிடின் தங்கள் திட்டம் என்ன?"

மாசியில் கம்பம் ஊன்றுவோம். தெரிவானாலும் அதுவேதான்.

இப்படிக்கு,
காமன் கூத்துக்காரர்கள்