தபால்பெட்டியில் அப்பா பெயர்

ஸ்டுட்கார்ட்,
நவம்பர் 2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

செந்தில் எழுதிக்கொள்வது.

வாட்ஸப்பில் தினம் பேசுகிறவன் எதற்குக் கடுதாசி போடுகிறான் என்று யோசிப்பீர்கள். போஸ்ட்மாஸ்டராக ஓய்வுபெற்றவருக்கு இந்த ஊர்ச் சமாசாரத்தைத் தபாலில்தான் சொல்ல வேண்டும். இந்த வருஷம் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்தபோது துக்க வீடு மாதிரி உட்கார்ந்திருந்தீர்களே, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். பென்ஸும் போர்ஷேயும் செய்கிற இந்த ஊர் இன்றைக்கும் கடிதத்தில்தான் ஓடுகிறது.

பேங்க்காரன் கார்டை ஓர் உறையில் அனுப்பினான். அதன் ரகசிய எண் வேறொரு நாள், வேறோர் உறையில் வந்தது. ஒன்றாக வந்தால் திருடனுக்குச் சௌகரியமாகிவிடுமாம். பிறகு மருத்துவக் காப்பீட்டிலிருந்து ஒன்று. அடுத்து 11 இலக்கத்தில் வரி எண். இன்னும் ஒரு சென்ட் சம்பாதிக்கவில்லை, அதற்குள் வரிக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். அதன்பின் ரேடியோ, டிவி கட்டணத்துக்கு ஒரு கடிதம், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. எங்கள் வீட்டில் டிவியே கிடையாது என்றால், "அதனாலென்ன, வீடு இருக்கிறதல்லவா?" என்கிறது சட்டம். சேர்ந்து குடியிருக்கிற நாலு பையன்களும் தலைக்கு 4.59 என்று பங்கு போட்டுக்கொண்டோம்.

இங்கே கறிவேப்பிலை வாங்குவது ஓர் இலங்கைத் தமிழர் கடையில். எண்பதுகளில் வந்தவர். என் கையிலிருந்த உறைகளைப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒண்டையும் எறியாதேங்கோ. பத்து வருசம் கழிச்சும் கேப்பினம்" என்று சொல்லி, முருங்கைக்காயோடு ஒரு தடிமனான ஃபைலையும் கொடுத்தார். ஃபைலுக்குக் காசு வாங்கவில்லை. முருங்கைக்காய்க்கு வாங்கியதைச் சொன்னால் பெரியம்மா தோட்டத்துக்குக் காவல் போட்டுவிடுவார்கள்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். இந்தக் கட்டடத்தில் கதவு எண் கிடையாது. தபால்பெட்டியிலும் அழைப்புமணியிலும் குடும்பப் பெயர் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துத்தான் போஸ்ட்மேன் போடுவார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் அப்பா பெயரை எழுதினோமே, அது இப்போது வேலையைக் காட்டுகிறது. பெட்டியில் 'சுப்பையா'. பேராசிரியருக்கு நான் 'ஹெர் சுப்பையா', அதாவது திருவாளர் சுப்பையா. மதுரைக்குப் போவதென்றாலே ஒரு வாரம் யோசிக்கிற அப்பா, விசா கேட்காமல், விமானம் ஏறாமல் ஜெர்மனியில் குடியேறிவிட்டார். என்னைத்தான் இங்கே யாருக்கும் தெரியாது.

படிப்புக்கு ஒன்றும் குறைவில்லை. இந்த மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். வகுப்பு முடிந்ததும் கை தட்டுவதில்லை, எல்லோரும் மேசையைத் தட்டுகிறார்கள். முதல் நாள் ஏதோ தகராறு என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். மதிப்பெண் 1 வாங்கினால் முதல் தரம், 5 வாங்கினால் தோல்வி. எனவே அடுத்த வருஷம் ரிசல்ட் வந்து, நான் ஒன்று வாங்கினேன் என்று அப்பா கேள்விப்பட்டால், பக்கத்தில் இருந்து விளக்கம் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. விசாவுக்காகக் கட்டிய 11,904 யூரோவை மாதம் 992 வீதம் எனக்கே திருப்பித் தருகிறார்கள். ஒன்றாம் தேதி வந்தால் உங்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன். எனக்கு வேலைக்குப் போகும் முன்பே பென்ஷன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீட்டுக் கதவில் ஒரு மரப்பலகை தொங்கியது. அதில் 'கேர்வோக்கே' என்று எழுதியிருந்தது. இந்த வாரம் மாடிப்படி பெருக்கித் துடைக்கும் முறை எங்களுடையது என்று அர்த்தம். இந்தப் பக்கத்துக்காரர்கள் துப்புரவில் நேற்று இன்று இறங்கியவர்கள் இல்லை. கொலம்பஸ் கப்பலேறிய 1492லேயே, அவரவர் குப்பையை அவரவர் அப்புறப்படுத்த வேண்டும் என்று இந்த நகரம் சட்டம் போட்டிருக்கிறது. இப்போது நகரச் சட்டம் இல்லை, வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரிதான். ஆனால் சட்டத்தைவிடப் பெரிய அதிகாரி கீழ்வீட்டில் இருக்கிறார். எண்பது வயதுப் பாட்டி.

சனிக்கிழமை காலையில் நான் மூன்றாவது மாடியிலிருந்து பெருக்கிக்கொண்டு இறங்குகிறேன். பாட்டி கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு நின்றார். ஒன்றும் பேசவில்லை. கைப்பிடியின் அடிப்பக்கம் விரலை ஓட்டி, விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மறுபடி மூன்றாவது மாடிக்குப் போனேன். இரண்டாம் தடவை இறங்கி வந்தபோது, "குட், ஹெர் சுப்பையா" என்றார். அந்தப் பாராட்டும் அப்பா கணக்கில்தான் சேர்ந்தது.

அன்று ராத்திரி பலகையைக் கழற்றி எதிர்வீட்டுக் கதவில் மாட்டியபோது கிடைத்த நிம்மதி, விசா கிடைத்த அன்றுகூட இல்லை. பனி விழ ஆரம்பித்தால் வாசல் நடைபாதையையும் வழித்துவிட வேண்டுமாம். அதற்கு ஒரு சின்ன மண்வெட்டி மாதிரி வைத்திருக்கிறார்கள். அது யார் முறையில் வருகிறது என்று எங்கள் வீட்டில் இப்போதே காலண்டரைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கடிதத்துக்கு 1.25 யூரோ தபால்தலை ஒட்டியிருக்கிறேன். எந்தத் தேதிக்கு வந்து சேர்ந்தது என்று முத்திரையைப் பார்த்து எழுதுங்கள். அது உங்களுக்குப் பிடித்த வேலை. பதில் போடும்போது சுப்பையா என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். வெறும் செந்தில் என்று போட்டால், அப்படி ஒருத்தன் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அம்மாவிடம் படிப்பு, பனி, பாட்டி எல்லாம் சொல்லுங்கள். விளக்குமாறு சங்கதியை மட்டும் அமுக்கிவிடுங்கள். லீவுக்கு வந்தால் முன்வாசல், பின்கட்டு, மொட்டைமாடி மூன்றும் என் தலையில் விழும்.

இப்படிக்கு,
அன்பு மகன்
செந்தில்