காற்றோட்டமான கருணை

பன்னாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று சென்னையில் தலைமையகம் தேடினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மயிலாப்பூரில் தரகர் கேட்கும் முதல் கேள்வி: "சார், நீங்க வெஜ்ஜா?" மானுடத்தையே அணைத்துக்கொள்ள வந்தவர்களாக இருக்கட்டும், மாடிப்படியில் ஆம்லெட் வாசனை வரக் கூடாது. லஸ் பக்கம் மெட்ரோ தோண்டிப் போட்டிருக்கிறது. இயக்குநரின் கார் திரும்பாது. தி. நகரில் ஜனம் ஜாஸ்தி. மக்கள் சேவைக்கு மக்கள்தான் இடைஞ்சல். கடைசியில் அடையாறு. மரம், காற்று, நடக்கிற தூரத்தில் நல்ல காபி. ஏழை? ஆண்டறிக்கையின் அட்டையில் சிரித்துக்கொண்டிருக்கிறான், வழவழ தாளில்.

இந்த ருசிக்கு வயது அதிகம். 1875-இல் நியூயார்க்கில் பிறந்த பிரம்மஞான சபை, 1879-இல் பம்பாய்க்கு வந்து, 1882 டிசம்பரில் அடையாற்றின் தென்கரையில் குடியேறியது. ஹடில்ஸ்டன் தோட்டம், 27 ஏக்கர், ஒன்பதாயிரம் ரூபாய் சொச்சம். நீலகிரி அடிவாரம் வரை ரயில் போனதும் துரைமார்கள் ஊட்டிக்கு ஏறிவிட்டார்கள். சென்னையின் தோட்ட பங்களாக்கள் சீந்துவாரற்றுக் கிடந்தன. சபையை நிறுவிய ஆல்காட்டும் பிளாவட்ஸ்கியும் மலிவாக முடித்தார்கள். இன்று அது 250 ஏக்கர் சுமாருக்கு விரிந்து கிடக்கிறது. உலக சகோதரத்துவத்துக்கு ஆற்றங்கரை பங்களாவா என்று கிண்டல் செய்யலாம்தான். ஆல்காட் விடமாட்டேன் என்கிறார். தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கிய பிள்ளைகளுக்கு 1894-இல் இலவசப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டார், கூப்பிடு தூரத்தில்.

இப்போதுள்ளவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பக்கத்திலிருக்கும் ஏழையை அரசாங்கமே அப்புறப்படுத்தித் தருகிறது. ஊரின் ஓரத்துக்கு: முதலில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2015 வெள்ளம் வடிந்ததும் அடையாற்றங்கரைக் குடிசைகள்தான் குற்றவாளி. ஆக்கிரமிப்பாம். சட்டி பானையோடு வண்டியில் ஏற்றினார்கள். பிள்ளைகளின் பரீட்சை பற்றி யார் கேட்டார்கள்? விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அதே ஆற்றின் மேல் குறுக்கே படுத்திருக்கிறது. அதன் மேல் எவரும் நோட்டீஸ் ஒட்டவில்லை. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒரு மனிதர் தீக்குளித்துச் செத்தார். ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்று பலகை வைத்த வாரியம் அதற்கு முந்தைய ஆண்டுதான் பெயரை மாற்றிக்கொண்டது. குடிசை மாற்று வாரியம் போய், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். பெயரிலிருந்தும் குடிசையைக் காலி செய்தாயிற்று.

டெல்லி சும்மா இருக்குமா? வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்தின்படி, அலுவலகம் அடையாறில் இருந்தாலும் அந்தமானில் இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடை முதலில் வந்து இறங்க வேண்டியது டெல்லி நாடாளுமன்றத் தெருவிலுள்ள ஸ்டேட் வங்கியில். நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதமாக இருந்த உச்சவரம்பு 20 ஆனது. பலே என்று கைதட்டப் போனால், அடுத்த வரி கையைப் பிடிக்கிறது: வந்த பணத்தை வேறு அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது. கண்ணகி நகரில் நாலு பேர் கூடி நடத்தும் மாலை வகுப்புக்கு அந்தப் பணத்தில் ஒரு ரூபாய் நீட்டினால் சட்டவிரோதம். அடையாறில் ஏசி போட்டால் நிர்வாகம்.

ஏழை இருக்கும் பக்கம் போகிறவர்களும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த தொண்டு அமைப்பான ஆக்ஸ்ஃபாம் இன்டர்நேஷனல், தலைமையகத்தை நைரோபிக்கே கொண்டுபோய்விட்டது. நம்மவர்கள் கண்டம் தாண்ட வேண்டாம். அடையாறிலிருந்து பெரும்பாக்கம் ஒரு மணி நேரம். பஸ் இருக்கிறது. அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கிற அம்மா தினம் அதில்தான் வருகிறார். ஆற்றங்கரையில் குடியிருந்தபோது நடந்தே வந்தவர். எட்டரைக்குள் கழிவறை கழுவி, கண்ணாடி துடைத்து, கருத்தரங்குக்கு நாற்காலி போட வேண்டும். இன்றைய தலைப்பு: 'நகர்ப்புற ஏழைகளைச் சென்றடைவது எப்படி?'