ஈர்ப்பு முடுக்கத்தைக் குறைத்து ஆணையிடக் கோருதல்

அனுப்புநர்: வேதியியலுடன் ஆள் பற்றாக்குறையால் இயற்பியலையும் சேர்த்துச் சுமக்கும் ஆசிரியை, சிட்லபாக்கம்.
பெறுநர்: உயர்திரு மேலிடம் அவர்கள், சென்னை.
பார்வை: தங்கள் வாட்ஸப் உத்தரவு, நேற்றிரவு 11.40 மணி.
நாள்: ஆகஸ்ட் 2021.

ஐயா,

தாங்கள் கேட்ட வகுப்புச் சான்றுகளை இன்று காலையே அனுப்பிவிட்டேன். ஸ்கிரீன்ஷாட்டில் நான் இருக்கிறேன், என் பின்னால் குக்கர் இருக்கிறது, மாணவர்களின் பெயர் முதலெழுத்துகள் வட்டம் வட்டமாக இருக்கின்றன. யாருக்காவது புரிந்ததா என்று தாங்கள் கேட்கவில்லை. கேட்காத தகவலைத் தருவது அலுவலக நடைமுறை ஆகாது என்பதால் நானும் குறிப்பிடவில்லை.

கோரிக்கைக்கு வருகிறேன். சென்ற வாரம் ஒரு மீட்டர் நூலில் வீட்டுச் சாவிக்கொத்தைக் கட்டி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, வீடியோ அழைப்பில் தனி ஊசல் நடத்தினேன். 20 அலைவுகளுக்குச் சுமார் 40 விநாடி ஆகும். ஏரிக்கரைத் தெருவிலிருந்து பார்த்த பையனுக்குப் படம் இரண்டு முறை உறைந்து, 45 விநாடி ஆயிற்று. அவன் கணக்கில் ஈர்ப்பு முடுக்கம் 7.8. இன்னொருத்திக்கு 65 விநாடி. அவளுக்கு வந்த 3.7 ஏறக்குறைய செவ்வாய்க் கோளுக்குரிய மதிப்பு. அவள் வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில்தான் இருக்கிறது. இருவருமே கண்ணால் கண்டதை ஒழுங்காக அளந்தவர்கள். தப்பு என்று சிவப்பு மையில் எழுத எனக்குக் கை வரவில்லை. ஆகவே சிக்னல் குறைந்த பகுதிகளுக்கு மட்டும் 9.8 என்பதை 7.8 ஆகக் குறைத்துத் தாங்கள் ஆணை வழங்க வேண்டும்.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. ஜூலை 19 அன்று வந்த பிளஸ் டூ முடிவுகளில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒருவர் விடாமல் தேர்ச்சி. பத்தாம் வகுப்பில் அதிகம் எடுத்த மூன்று பாடங்களின் சராசரிக்கு 50 சதவீதம், பதினொன்றுக்கு 20, பன்னிரண்டின் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30. என் மாணவன் ஒருவனுக்குப் பத்தாம் வகுப்பில் கைகொடுத்தது சமூக அறிவியல். உப்பைப் பற்றி அவனுக்கு வேதாரண்யம் வரைக்கும்தான் தெரியும். வேதியியலில் அவன் கரையேற அது போதுமாக இருந்தது.

கொரோனாவால் தேர்வை நிறுத்தியதில் எனக்குக் குறையில்லை. அந்த மே மாதத்தில், வகுப்புக்கு வராத பிள்ளையின் வீட்டுக்குப் போன் செய்யவே பயமாக இருந்தது.

ஏப்ரலில் நடந்த செய்முறைத் தேர்வுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. உப்புப் பகுப்பாய்வில் "அம்மோனியா நெடி வந்ததா?" என்றால், இரண்டு முகக்கவசத்துக்குள்ளிருந்து "வந்துடுச்சு மிஸ்" என்று பதில் வரும், சோதனைக் குழாயைச் சூடாக்கும் முன்பே. பாவம், வாசனை தெரியவில்லை என்று உண்மையைச் சொல்ல அந்த நேரத்தில் யாருக்குத் துணிச்சல் வரும்? சொன்னால் சளிப் பரிசோதனைக்கல்லவா அனுப்புவோம்!

2019 முதல் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நன்றாகவே நடத்துகிறார்கள். பிள்ளை கை தூக்கினால்தான் அதற்குத் தெரியாது. எனக்கும் தெரிவதில்லை, வீட்டிலிருக்கும் ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு இரவு ஒன்பதுக்குத் திரும்புகிறது. ஒன்பதரைக்குக் குரல் செய்தி வரும்: "மிஸ், மோல்னா என்ன?" பின்னணியில் சீரியலில் யாரோ அழுதுகொண்டிருப்பார்கள். பத்தரை வரை நான் மோல் சொல்லுவேன். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஸ்கிரீன்ஷாட் கிடையாது என்பதால் அது வகுப்பில் சேராது என்று அறிகிறேன்.

உருப்படியாக நடந்தது ஒன்றுதான். இங்கே பாதி வீடுகளின் மதிலோரம் செம்பருத்தி உண்டு. வெந்நீரில் இதழைப் போட்டு, சாற்றில் எலுமிச்சை பிழியுங்கள், இன்னொரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் விடுங்கள் என்றேன். ஒன்று சிவக்கும், மற்றது பச்சையாகும். அன்றிரவு என் போன் படங்களால் நிரம்பி நின்றுவிட்டது. ஓர் அம்மா மட்டும், "மிஸ், டம்ளர்ல கறை போகல, என்ன ஊத்தறது?" என்று கேட்டார். பதினேழு மாதத்தில் எனக்கு வந்த முதல் அறிவியல் கேள்வி அது.

செப்டம்பர் 1 முதல் பள்ளி திறக்கிறது என்கிறார்கள். அதற்குள் 7.8-க்கு ஆணை வந்துவிட்டால் நோட்டுத் திருத்த வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும் ஆசிரியை

இணைப்பு: செம்பருத்திச் சாறு, 50 மி.லி. எலுமிச்சை தங்கள் அலுவலகச் செலவில்.