43 வயது ரெக்ரூட்

ராணுவத்துக்கு ஆள் எடுப்பவர்களுக்கு மனித உடம்பைப் பற்றிய சில உண்மைகள் தெரியும். இந்தியாவின் டெரிடோரியல் ஆர்மி 42 வயதோடு கதவைச் சாத்திக்கொள்கிறது. இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் ஆள் பற்றாமல் தவித்த அமெரிக்க ராணுவம், 2006-ல் ஒரே வருடத்தில் இரண்டு முறை வயது வரம்பை ஏற்றியது. அதுவும் 42-ல் வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் போனால் எதிரியைவிட மூட்டுவலிக்கு அதிகம் செலவாகும் என்று பென்டகனில் யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும். சிங்கப்பூர் மட்டும் 2014-ல் தொடங்கிய தொண்டூழியர் படைக்கு 18 முதல் 45 வயது வரை விண்ணப்பிக்கலாம் என்று தாராளம் காட்டியது. எனக்கு 43. உலகத்தில் என்னை ரெக்ரூட்டாக எடுக்கத் துணிந்த நாட்டில்தான் நான் குடியிருந்தேன் என்பதை விதி என்றுதான் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் 1967 முதல் கட்டாய தேசிய சேவை உண்டு. இப்போது 18 வயதில் இரண்டு ஆண்டுகள். வேலைக்காக வந்து நிரந்தரவாசியான என்னைப் போன்ற முதல் தலைமுறைக்கு விலக்கு. எங்கள் மகன்களுக்கு விலக்கு கிடையாது. நிரந்தரவாசிக்கான நீல அட்டையை வாங்குவது அப்பன், அதற்குத் தவணை கட்டுவது மகன். என் மகனுக்கு 16 முடிந்ததிலிருந்து இந்த ஏற்பாடு என்னை உறுத்த ஆரம்பித்தது. தவிர, மதியச் சாப்பாட்டில் இங்கே பிறந்த சகாக்கள் ராணுவப் பயிற்சிக்குப் போன டெக்கோங் தீவில் சேறு தின்ற கதையைச் சொல்லும்போதெல்லாம், வருடக்கணக்காக நான் வெறும் உச்சுக்கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கும் ஒரு கதை வேண்டும்.

விண்ணப்பித்த செய்தி பரவியதும் அந்த சகாக்கள்தான் முதலில் அதிர்ந்தார்கள். இங்கே இரண்டு ஆண்டு சேவை முடிந்தாலும் 40 வயது வரை, அதிகாரிகளுக்கு 50 வரை, மறுபடி மறுபடி முகாமுக்கு அழைப்பு வரும். "நாங்க மெடிக்கல் சர்டிஃபிகேட் வாங்க கிளினிக் கிளினிக்கா அலையறோம், நீங்க ஃபார்ம் வாங்கி நிரப்புறீங்களா?" என்றார் ஒருவர். மதுரையிலிருந்து அம்மா, "ஏண்டா, அந்த ஊர்ல வயசுப் பசங்களே இல்லையா?" என்று கேட்டாள். மனைவி ரொம்பப் பேசவில்லை. "வீட்டுல ஒரு போர்வைய மடிச்சது கிடையாது. அங்க போய் மடிக்கப் போறீங்களாக்கும். மடிங்க, மடிங்க" என்றாள்.

எனக்கு முன் அனுபவம் உண்டு என்பதுதான் என் வாதம். கல்லூரியில் என்சிசி. காக்கி உடுப்பு, இரண்டாம் உலகப் போரைப் பார்த்த 303 துப்பாக்கி, பரேடு முடிந்ததும் பூரி-கிழங்கு. எங்களை மைதானத்துக்கு வரவழைத்ததில் தேசபக்தியின் பங்கு எவ்வளவு, கிழங்கின் பங்கு எவ்வளவு என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தப் பரேடுக்கு ஆணைகள் இந்தியில் வரும். 1968-ல் தமிழகச் சட்டமன்றம் இந்த இந்தி ஆணைகளை எதிர்த்துத் தீர்மானமே போட்டது. ஆனாலும் எங்கள் காலத்தில் 'சாவ்தான்', 'விஷ்ராம்' இரண்டும் ஜோராக நடந்தன. இருபது வருடம் கழித்து சிங்கப்பூர் முகாமில் போய் நின்றால் ஆணை மலாயில் வருகிறது. சார்ஜன்ட் மலாயில் கத்த, காது அதைப் பழைய இந்தியில் தேட, மூளை தமிழில் "இடதா, வலதா?" என்று கேட்க, கால் எந்தப் பதிலுக்கும் காத்திராமல் தன்பாட்டுக்குத் திரும்பியது. அணியில் எனக்கு எதிரே நின்றவரின் மூக்கு அப்போதுதான் எனக்கு அறிமுகமானது.

இரண்டு வார அடிப்படைப் பயிற்சி. எங்கள் படுக்கையறையில் எட்டுப் பேர். கோலாலம்பூரில் பிறந்த வழக்கறிஞர், சீனாவிலிருந்து வந்த பொறியாளர், பிரெஞ்சு வங்கிக்காரர், நான், இன்னும் நான்கு பேர். தலையில் நரை இல்லாதவர்களுக்குத் தலையில் மயிர் இல்லை. முதல் இரவு பைகளைத் திறந்ததும் அறை ஒரு மருந்துக்கடையானது. பிபி மாத்திரை, சர்க்கரை மாத்திரை, முட்டிப் பட்டை, எல்லார் பையிலும் தவறாமல் ஒரு புட்டி கோடாலித் தைலம். இருட்டில் எங்களை மறைத்து வைக்க அரசாங்கம் என்னதான் பச்சைப் புள்ளி உடுப்பு கொடுத்தாலும், காற்று எதிரியின் பக்கம் அடித்தால் தைல வாசனையிலேயே மொத்தப் படையும் பிடிபடும்.

ஓட்டம், தண்டால் எல்லாம் நான் பயந்த அளவுக்கு இல்லை. எஸ்ஏஆர்-21 துப்பாக்கிதான் சோதித்தது. சிங்கப்பூரே தயாரித்தது, கூடவே ஒன்றரை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கி. தூரத்திலிருக்கும் இலக்கு பளிச்சென்று தெரிந்தது. கையிலிருக்கும் துப்பாக்கிதான் தெரியவில்லை. வெள்ளெழுத்து! அவரவர் துப்பாக்கியின் எண்ணை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். எட்டுப் பேரும் துப்பாக்கியை முகத்துக்கு நேரே பிடித்து, மெல்ல மெல்லக் கையை நீட்டி, கை முடிந்துபோனதும் கழுத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு நின்றோம். படிக்கும் கண்ணாடி வழக்கறிஞரிடம் மட்டும்தான் இருந்தது. கோயிலில் தீபாராதனைத் தட்டு நகர்வதுபோல அது வரிசையில் கை கையாக நகர்ந்தது. வாங்கியவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். பிரித்துப் போட்ட பாகங்களை மறுபடி பூட்டும்போதும் இதே கதை. சுண்டுவிரல் அளவு ஊசி ஒன்று என் விரிப்பில் இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணாடி என் முறைக்கு வந்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடிந்தது. இருந்தது. பக்கத்து விரிப்புக்காரர் அதைத் தன்னுடையது என்றார். கண்ணாடி திரும்பி வரும்வரை வழக்கு நிலுவையில் இருந்தது.

ஆனால் வயதான ரெக்ரூட்டின் உண்மையான கோளாறு கண்ணிலும் இல்லை, முட்டியிலும் இல்லை, வாயில்தான். பதினெட்டு வயதுப் பையனிடம் 'அந்தப் பெட்டிய அங்க வை' என்றால் வைத்துவிடுவான். எங்களில் ஒவ்வொருவருக்குக் கீழும் அலுவலகத்தில் பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். பெட்டிகளை வண்டியில் ஏற்றச் சொன்னால், முதலில் பொறியாளர் எடையைப் பகிர்வது எப்படி என்று விளக்குவார். வழக்கறிஞர், யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டால் பொறுப்பு யாருடையது என்பார். வங்கிக்காரர் இரண்டு மாற்று யோசனைகள் வைப்பார். நான் எல்லாவற்றையும் தொகுத்துப் பேசுவேன். கூட்டம் முடியும்போது ஒரு பெட்டிகூட நகர்ந்திருக்காது. "நாக் இட் டவுன்!" என்று குரல் வரும். எல்லாரும் தரையில் கையூன்றி, ஒருமனதாகத் தண்டால்.

குரல் எங்கள் சார்ஜன்ட்டுடையது. இருபது, இருபத்தொரு வயதிருக்கும் தமிழ்ப் பையன். மீசை முளைப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அவனிடம் எனக்குச் சொல்வதற்கு எத்தனையோ இருந்தன. வெயிலில் தொப்பியில்லாமல் நிற்காதே, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, இப்போதே கொஞ்சம் பணம் சேர்த்து வை. மூன்றாம் நாள் பேச்சுவாக்கில் தெரிந்தது, அவன் அம்மாவும் என் மனைவியும் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் தைப்பூச அன்னதானத்துக்கு ஒரே மேசையில் வெங்காயம் உரித்தவர்கள். நம் ஊரில் இந்த ஒரு தகவல் போதும், எந்த அதிகாரியையும் வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். ஸ்டாண்ட்-பை-பெட் என்ற படுக்கைச் சோதனையில் அவன் என் போர்வையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, "ரெக்ரூட், இது என்ன?" என்று கேட்டபோது 'தம்பி, அம்மா நல்லா இருக்காங்களா?' என்பது தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். "சாரி, சார்ஜன்ட்!" என்றேன். அன்று நான் செய்ததிலேயே கடினமான உடற்பயிற்சி அதுதான்.

அவனுக்கும் கஷ்டம்தான். சிங்கப்பூரில் தன்னைவிட மூத்தவர் யாராக இருந்தாலும் 'அங்கிள்' என்று கூப்பிடப் பழக்கி வளர்த்த பிள்ளை. முழுப் பொதியோடு நடந்த ஒரு நாள், மேட்டில் நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, "அங்கிள், முட்டி வலிக்குதா?" என்று கேட்டுவிட்டான். அடுத்த நொடி அவன் முகம் சிவந்தது. நான் எதிரே பார்த்துக்கொண்டு "நோ, சார்ஜன்ட்!" என்று முழங்கினேன். இரண்டு பேரும் பொய்யைக் கண்ணியமாகக் காப்பாற்றிக்கொண்டு நடந்தோம்.

வாயை மூடப் பழகியபின் ஒரு சுகம் தெரிந்தது. எப்போது எழுவது, என்ன உடுத்துவது, எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பது என எதையும் நான் முடிவு செய்ய வேண்டியதில்லை. வீட்டுக்கடன் வட்டி ஏறுமா, மகனை எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்று யாரும் கேட்கவில்லை. குக்ஹவுஸில் தட்டை நீட்டினால் விழுவதுதான் சாப்பாடு. 18 வயதில் இதெல்லாம் சிறை. 43-ல் இது சம்பளத்தோடு கூடிய ஓய்வு. கட்டாய சேவைக்குச் சரியான வயது எது என்று அரசாங்கம் என்னைக் கேட்டால் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். கேட்க மாட்டார்கள்.

பயிற்சி முடிந்து வீடு வந்ததும் மனைவி போர்வையை நீட்டினாள். மடித்துக் காட்டினேன், ஓரம் கத்தியால் வெட்டினாற்போல நின்றது. "தினமும் இப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இந்த ஆணை இன்றுவரை ரத்தாகவில்லை.

மகன் மட்டும் கொஞ்சம் மரியாதையோடு பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, அங்க போறதுக்கு முன்னாடி முக்கியமா என்ன தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்டான். "ஒண்ணே ஒண்ணுதான்டா. வாயைத் திறக்கக் கூடாது" என்றேன். அதை அவனுக்கு விளக்கிச் சொல்ல முக்கால் மணி நேரம் ஆயிற்று.