கண்ணுக்குக் காட்டப் போறேன்

வா மருமகனே, உக்காரு. அந்த ஓரத்துல உக்காராத, கட்டில் கால் ஒண்ணு ஆடும். உங்கம்மா நேத்தே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டா. கடையையும் கடன்காரனையும் கட்டி மாரடிச்சு உனக்கு மண்டை காஞ்சு போச்சாம். பொண்டாட்டி பிள்ளைக இல்லாம, ஒத்தையில, ரெண்டு நாள் எங்கயாச்சும் போய்க் கெடக்கணுமாம். சொல்லும்போது எங்க அக்கா அழுதா. நான் சிரிச்சேன். சாமியாராப் போற ரகமா நீ? மூணாம் நாள் மிளகாய்ப்பொடிக்கு நல்லெண்ணெய் இல்லேன்னு திரும்பி வந்துர மாட்டியா?

கொடைக்கானல் போறேன்னு சொன்னியாமே. போ, நான் தடுக்கல. ஆனா 2024 மே மாசத்துல இருந்து வெளியூர் வண்டி மலையேறணும்னா இ-பாஸ் எடுக்கணும், தெரியும்ல? கூட்டம் தாங்காம மலைக்கே சீட்டுக் குடுக்க வேண்டியதாப் போச்சு. அங்க ஏரிக்கரையில நீ ஒத்த ஆளா நின்னா, "அண்ணே, எங்கள ஒரு போட்டோ எடுங்க"ன்னு வர்ற குடும்பமெல்லாம் போனை நீட்டும். ரெண்டு நாளும் ஓசி போட்டோக்காரன் வேலைதான் பாப்ப.

இங்கயே நம்ம தோட்டத்து மோட்டார் ரூம்ல கெடக்கலாம்னு நெனக்கிறியா? பட்டணத்து ஆளுக கிராமத்துல அமைதி இருக்குன்னு காசைக் குடுத்து வந்து படுக்கிறாக. பாவம், ஒரு ஆடி மாசம் வந்து பாக்கச் சொல்லு. விடியக்காலம் நாலு மணிக்கு அம்மன் கோயில் குழாய்ல எல்.ஆர். ஈஸ்வரி ஆரம்பிச்சா, சேவலே கூச்சப்பட்டுக் கூவாமப் போயிரும். அதையாவது தாங்கிக்கலாம். தெருவுல கால வச்சதும் "எப்ப வந்தே? எப்பப் போறே?"ன்னு ரெண்டையும் ஒரே மூச்சுல கேப்பாகளே, அதை என்ன செய்ய? உடம்பு சாஞ்சு உக்காந்தா, "என்ன, சடவா?"ம்பா ஒருத்தி. கண்ண மூடினா, "வீட்ல எதும் சண்டையா?"ம்பா இன்னொருத்தி. பொழுது சாயுறதுக்குள்ள நீ பொண்டாட்டிகிட்ட கோவிச்சுட்டு வந்துட்டேன்னு ஊரே தீர்ப்பெழுதி, பஞ்சாயத்துக்கு நாலு பேரு கெளம்பிருவாக.

அதனால மாமன் பேச்சைக் கேளு. மெட்ராசுக்குப் போ.

முழிக்காத. தூங்குறவன் சந்தையில தூங்குனா எவனும் எழுப்ப மாட்டான். சொந்த வீட்டுத் திண்ணையில தூங்குனாத்தான் எழுப்புவான். உன் பேரு என்ன, உங்கப்பன் பேரு என்ன, தங்கச்சிக்கு இன்னுமா மாப்பிள்ளை அமையலன்னு கேக்க ஒரு நாதி இல்லாத ஊரு அது. கோயில்பட்டியில நெல்லை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறிப் படு, விடியக்காலம் எழும்பூர். கொடைக்கானலுக்கு மாதிரி கொண்டை ஊசி வளைவுல வாந்தி எடுக்குற சோலியும் இல்ல.

நான் இதைக் கண்டுபிடிச்சதே ஒரு தப்புலதான். அங்க ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப, தேதியை ஒரு நாள் முன்னாடியே நெனச்சுக்கிட்டுப் போய் எறங்கிட்டேன். கல்யாண வீட்டுக்கு முந்தின நாளே போனா தேங்காய் உரிக்கச் சொல்லுவாகன்னு, ஸ்டேஷனுக்கு எதிர்த்தாப்ல கென்னட் லேன்ல ஒரு லாட்ஜுக்குள்ள நொழஞ்சேன். "எத்தனை பேரு?"ன்னான் கவுண்டர் பையன். ஒத்த ஆளுன்னேன். மேலும் கீழும் பாத்தான். ஒத்தையில ரூம் கேட்டு வர்றவன்னா அவனுகளுக்கு வயித்தக் கலக்கும், எங்க தொங்கிருவானோன்னு. நோட்டை நீட்டினான். பேரு, ஊரு எல்லாம் எழுதி முடிச்சேன். கடைசிக் கட்டத்துல 'வந்த காரணம்'னு இருந்துச்சு. 'சும்மா'ன்னு எழுதினேன். பையன் அரண்டு போயிட்டான். "சும்மால்லாம் எழுதக் கூடாது பெரியவரே, போலீஸ் பாக்கும். ஏதாச்சும் ஆஸ்பத்திரின்னு போடுங்க"ன்னான். பக்கத்துல என்ன ஆஸ்பத்திரி இருக்குன்னு கேட்டேன். கண்ணாஸ்பத்திரின்னான். 1819-ல ஆரம்பிச்சதாம், கும்பினிக்காரன் காலத்துது. சரின்னு 'கண்ணு'ன்னு எழுதிட்டு, ரூமுக்குள்ள போயித் தாப்பாளப் போட்டுப் படுத்தேன் பாரு, கல்யாணம் ஆகி வந்த முப்பது வருசத்துல அப்படி ஒரு தூக்கம் தூங்கினதே இல்ல.

நீயும் மொத நாள் முழுக்கத் தூங்கு. ஊர் சுத்திப் பாக்கணும்னு லிஸ்ட்டு போட்டுக்கிட்டு அலைஞ்சேன்னா, அது கடையில சரக்கெடுக்கிற வேலையாப் போயிரும்.

ரெண்டாம் நாள் மெதுவாக் கெளம்பி 'செத்த காலேஜு'க்கு நட. மியூசியத்துக்கு நம்ம ஆளுக வச்ச பேரு அது. மிருகக்காட்சிசாலை 'உயிர்க் காலேஜ்', இது 'செத்த காலேஜ்'. 1851-ல தொடங்கினது. வெள்ளிக்கெழமை பூட்டிருவான், பாத்துப் போ. அங்க திமிங்கிலத்து எலும்புக்கூட்டை அண்ணாந்து பாத்துட்டு நேரா வெண்கலச் சிலைக் கட்டடத்துக்குப் போயிரு. திருவாலங்காட்டு நடராசர் இருக்காரு. அவரு ஒத்தக் கால்ல நிக்கிறதையும், அந்த மொகத்துல கெடக்குற நிம்மதியையும் பாரு. நீ ரெண்டு காலையும் நீட்டிப் படுத்திருக்கும்போதுகூட உன் மொகம் அப்படி இருந்து நான் பாத்ததில்ல.

மத்தியானம் வெயிலுக்குப் பறக்கும் ரயில்ல ஏறிரு. ஆபீஸ் நேரத்துல ஏறாத, நசுங்கிருவ. பதினோரு மணிக்கு மேல பார்க் டவுன்ல ஏறினா, சன்னல் சீட்டு உனக்காக் காத்துக் கெடக்கும். டிக்கெட்டு டீ விலைக்கு மேல போகாது. ஸ்டேஷன் ஒவ்வொண்ணும் கல்யாண மண்டபம் கணக்காக் கட்டிப் போட்டிருக்கான், மாப்பிள்ளை வீட்டுக்காரன்தான் இன்னும் வரல, புறாதான் குடியிருக்கு. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, திருமயிலைன்னு பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே போகும். வாடை வரும், மூக்கைப் பொத்திக்கோ. ஆனா வெளிய பாரு. மூணாம் மாடி உசரத்துல இருந்து மொட்டை மாடி மொட்டை மாடியாத் தெரியும். ஒரு மாடியில வடகம் காயும். ஒரு மாடியில ஒரு பையன் வேட்டியை விரிச்சுப் போட்டு அதுல படுத்துப் படிச்சுக்கிட்டிருப்பான். இன்னொண்ணுல ஒரு கெழவி வெறும் வானத்தைப் பாத்து ஆரையோ திட்டிக்கிட்டிருப்பா. அத்தனையும் அடுத்தவன் வீட்டுப் பாடு. உனக்கு அதுல ஒரு சல்லிக் கடன் கிடையாது. அந்தச் சொகம் இருக்கே, அதைச் சொன்னாப் புரியாது.

கோட்டூர்புரத்துல எறங்கினா அண்ணா நூற்றாண்டு நூலகம் பக்கம். 2010-ல தொறந்தது. சொந்தப் புஸ்தகத்தைக் கொண்டுபோய் வச்சுப் படிக்கவே கீழ ஒரு பெரிய கூடம் இருக்கு. உன்கிட்ட எங்க புஸ்தகம்? கடைக் கணக்கு நோட்டை எடுத்துட்டுப் போயிராத. சுத்தி இருக்குற பிள்ளைகெல்லாம் பரீட்சைக்குத் தலையைக் குனிஞ்சு படிச்சுக்கிட்டிருக்கும். அதுக நடுவுல ஏசியில உக்காந்து, தடிப் புஸ்தகம் ஒண்ணைத் தொறந்து வச்சுக் கன்னத்துல கை குடுத்தேன்னா, எந்த டிப்டி கலெக்டரோன்னு நெனச்சு ஒதுங்கிப் போவாக. மார்கழியில போறவனுக்கு இன்னும் யோகம். பல சபாக்கள்ல மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட்டே கெடையாது. கண்ண மூடித் தலைய ஆட்டினா ரசிகன். தூங்கி விழுறதுன்னு எவன் கண்டுபிடிப்பான்?

சாயங்காலம் திருவல்லிக்கேணி ரத்னா கபேயில சாம்பார் இட்லி. இட்லியைத் தேட வேண்டியிருக்கும், அம்புட்டுச் சாம்பாரு. அதை முடிச்சுட்டுக் கடற்கரைக்கு நட. குளிக்கேன்னு எறங்கிராத, அந்தக் கடலு இழுத்துட்டுப் போயிரும். உழைப்பாளர் சிலைக்கு எதிர்த்தாப்ல உக்காரு. 1959-ல இருந்து நாலு பேரு ஒரு பாறையைத் தள்ளிக்கிட்டே நிக்கிறான், ஒரு அங்குலம் நகரல. அவனுகளப் பாத்துக்கிட்டே சுண்டலைத் தின்னு. நீ ரெண்டு நாள் கடையைச் சாத்தினதுல உலகம் ஒண்ணும் முங்கிப் போகலன்னு அங்கதான் உறைக்கும்.

ரெண்டே ரெண்டு எச்சரிக்கை. ரெங்கநாதன் தெருப் பக்கம் தப்பித் தவறியும் போயிராத. கடைக்குக் கடை நம்ம தெக்கத்திப் பிள்ளைகதான் துணி மடிச்சுக்கிட்டு நிக்கும். "அண்ணாச்சி, நீங்க கோயில்பட்டிதான?"ன்னு ஒரு குரல் கேட்டா அதோட உன் ஓய்வு முடிஞ்சுச்சு. அவன் சொல்லி, தாம்பரத்துல இருக்குற உன் சகலைக்குத் தெரிஞ்சு, "மெட்ராஸ் வரைக்கும் வந்துட்டு வீட்டுக்கு வராமப் போனான் பாத்தியா"ன்னு பேச்சாகி, மூணு வருசத்துக்கு ஓடும். அடுத்தது போனு. அணைச்சு மட்டும் வச்சுராத, ஊரே பதறிப் பஸ் ஏறி வந்துரும். காலையில நீயாவே கூப்பிட்டுப் பேசி, பாதியில "டாக்டர் கூப்பிடுறாரு"ன்னு வச்சிரு.

அப்புறம் காரணம். கண்ணுங்கிற காரணம் என்னது மருமகனே, அதுல பங்கு கேக்காத. பன்னெண்டு வருசமா வருசம் ஒருதடவ கண்ணுக்குக் காட்டிட்டு வர்றேன். மூக்குக்கண்ணாடி ஒரு தடவ மாத்தல, உங்க அத்தையும் ஏன்னு கேக்கல. இப்ப நீயும் கண்ணுன்னா அவளுக்குப் பொறி தட்டிரும். நீ பல்லுன்னு சொல்லு.

அடுத்த மாசம் இருவதுக்கு மேல மட்டும் போகாத. அந்த வாரம் நான் அங்க இருப்பேன். அப்படியே தேதி மாறி, மெரினாவுல நேருக்கு நேர் பாத்துக்கிட்டாலும், நீ எனக்கு ஆருன்னு தெரியாது, நான் உனக்கு ஆருன்னு தெரியாது. சொல்லிப்புட்டேன்.