மண் கேட்டால் சொல்லும்!

வீடு கட்டுவதற்காக வேளாண் துறை ஆய்வகத்தில் மண் கொடுத்து ரிப்போர்ட் வாங்கிவிட்டேன். அஸ்திவாரம் எத்தனை அடி தோண்டலாம்?
– திண்டிவனம் வாசகர்

அதை வைத்துக் கத்திரிக்காய் போடலாம், தூண் போட முடியாது! தழை, மணி, சாம்பல் சத்து பயிருக்கு. வீட்டுக்கு வேண்டியது, அந்த மண் சதுர மீட்டருக்கு எத்தனை டன் தாங்கும் என்ற கணக்கு. அதற்கு ஆள் வேறு, ஆய்வகம் வேறு.

முக்காலி நட்டு, ‘டங் டங்’ என்று அடிக்கிறார்களே, அதில் என்ன தெரியும்?
– தாம்பரம் வாசகி

எல்லாமே அதில்தான். துளைக்குள் ஒரு குழாயை இறக்கி, 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து அதன் தலையில் விழ விடுகிறார்கள். முதல் 15 செ.மீ. கணக்கில் சேராது; துளை போட்டபோது கலைந்த மண் அது. அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை அடி என்பதுதான் ‘N வேல்யூ’. மணலில் நாலு அடிக்குள் இறங்கிவிட்டால் பொலபொல மண். ஐம்பது அடித்தும் அசையவில்லையென்றால் மேஸ்திரி முகத்தில் சிரிப்பு வரும். ஆழம் போகப் போக இதைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். அன்று ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று நீங்களும் எண்ணுங்கள். மனைக்கே வராமல் தயாராகும் ரிப்போர்ட்டும் ஊரில் உண்டு.

பக்கத்து மனைக்காரர் எடுத்த ரிப்போர்ட் இருக்கிறது. ஜெராக்ஸ் போட்டுக்கொள்ளலாமா?
– மடிப்பாக்கம் வாசகர்

அவர் ஜாதகத்துக்கு உங்களுக்குப் பெண் பார்ப்பீர்களா? ஏரியோரப் பகுதிகளில் ஒரு மனையில் அசல் மண், அடுத்ததில் லாரி லாரியாகக் கொட்டிய கட்டட இடிபாடு. மேலே ஒரே செம்மண் பூச்சு, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

மண் டெஸ்ட் எல்லாம் இருபது மாடிக்காரர்களுக்குத்தானே? நான் கட்டுவது தரைத்தளம் மட்டும்.
– கோவில்பட்டி வாசகர்

ஊர் பெயரைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். கரிசல் பூமி ஐயா உங்களுடையது! மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். உப்பும்போது மேலே தள்ளும். கனமான கட்டடம் அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். உங்கள் ஒற்றைத்தளம்தான் மேலே எழும்பிச் சுவரில் கோடு போடும். மண் எவ்வளவு உப்பும் என்று பார்க்கத் தனிச் சோதனை உண்டு, கேட்டு வாங்குங்கள். ஈரம் ஏறி இறங்காத ஆழத்துக்குப் போய், அடியில் குமிழ் போல விரியும் பைல் அஸ்திவாரம் இதற்கென்றே இருக்கிறது. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது.

பைசா கோபுரம் சாய்ந்தும் நிற்கிறதே?
– கும்பகோணம் வாசகர்

1173-ல் தொடங்கி, மூன்றாவது தளம் எழும்பும்போதே சாய்ந்துவிட்டது. அடியில் இளகிய களிமண். பிற்காலத்தில் வடக்குப் பக்க அடிமண்ணைத் துளைத்து எடுத்துத்தான் கொஞ்சம் நிமிர்த்தினார்கள். அது சாய்ந்தால் டிக்கெட் போடுவார்கள்; உங்களுடையது சாய்ந்தால் நோட்டீஸ் ஒட்டுவார்கள்.

கிரயத்துக்கு முன்பே துளை போட விற்பவர் விடுவாரா?
– ஓசூர் வாசகி

அட்வான்ஸ் கொடுக்கும்போதே அக்ரிமென்ட்டில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். ‘அதெல்லாம் முடியாது’ என்று குதித்தால், செலவில்லாமல் ரிப்போர்ட் கிடைத்துவிட்டது! கூகுள் எர்த்தில் பத்து, பதினைந்து வருடம் பின்னால் போய்ப் பாருங்கள். மனை இருக்கும் இடத்தில் தண்ணீர் மினுக்கலாம். அப்படியே, மார்ச்சில் பார்த்த மனையை நவம்பரில் இன்னொருமுறை பாருங்கள்.

ரிப்போர்ட் கட்டுக் கட்டாக வந்திருக்கிறது. எதைப் படிக்க?
– திருச்சி வாசகர்

எந்த ஆழத்தில் எவ்வளவு தாங்கும், நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது, மண்ணில் சல்பேட், குளோரைடு உண்டா, கடைசியில் எந்த அஸ்திவாரத்தைச் சிபாரிசு செய்கிறார்கள் – இவ்வளவு போதும். மீதியை இன்ஜினீயர் படிக்கட்டும். படிக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.