விடுமுறைத் திட்டத்தில் ஸ்பாவின் இடம்: பழவங்காடித் தேங்காயை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

விடுமுறைக்கு ஊர் தேர்ந்தெடுக்கும்போது அங்கே ஸ்பா இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா? இவ்வினாவைத் தமிழில் இதுவரை யாரும் முறையாக ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. யாருக்கும் அது தேவைப்படாமையே காரணம் எனலாம். எனினும், தேவைப்படாமை என்னும் அற்பக் காரணத்துக்காக ஒரு தலைப்பைக் கைவிடும் வழக்கம் நம் ஆய்வுலகில் இல்லை. ஆதலின் இவ்வாய்வு எழுந்தது.

2. கருதுகோள்

விடுமுறைக்கு ஸ்பா முக்கியம், அல்லது முக்கியமில்லை. இவ்வாறு வைத்துக்கொண்டால் ஆய்வு எங்கே போய் முடிந்தாலும் கருதுகோள் நிறுவப்பட்டதாகும். பல முனைவர் பட்டங்கள் இந்தப் பாதையில்தான் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்துள்ளன.

3. ஆய்வுக்களம்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையை ஒட்டிய பழவங்காடி இவ்வாய்வின் களம். மேற்கே பத்மநாபசுவாமி கோயில், கிழக்கே சாலை பஜார், நடந்துபோகும் தூரத்தில் தம்பானூர் ரயில் நிலையம். ஆய்வாளர் தங்கிய லாட்ஜும் இங்கேயே இருந்தது. முறையியல் நூல்கள் இதனை ‘நோக்கமுறைத் தேர்வு’ என்று மதிப்பாகக் குறிப்பிடும்.

களத்தின் நாயகர் பழவங்காடிக் கணபதி. திருவிதாங்கூரின் தலைமையிடம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியபோது நாயர் படையினர் தம்மோடு கொண்டுவந்த பிள்ளையார் இவர் என்பார்கள். அந்தப் படை பின்னாளில் இந்திய இராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்டில் கலந்தது. இன்றும் கோயிலைப் பராமரிப்பது இராணுவம்தான்.

எண்ணெய்ச் சிகிச்சையின் எல்லாக் கிளைகளும் இக்களத்தைச் சுற்றியே இருக்கின்றன. கோட்டைப் பக்கம் 1956-இல் தொடங்கிய சி.வி.என். களரி. எம்.ஜி. ரோட்டில் வடக்கே போனால், 1889-இல் பாடசாலையாகத் தொடங்கிய அரசு ஆயுர்வேதக் கல்லூரி. கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் கோவளம். அங்கே கடலலைக்கும் மசாஜ் பலகைக்கும் எண்ணிக்கையில் போட்டி. “சாரே, எல்லாம் உண்டு. உங்களுக்கு நேரம் உண்டோ?” (ஆட்டோ ஓட்டுநர், வாய்மொழி, ஓவர்பிரிட்ஜ் சிக்னல், சிவப்பு விளக்கின்போது). இவ்வாய்வின் மையக் கேள்வியை இவர் தொகுப்புரைக்கு முன்பே எழுப்பிவிட்டது வருந்தத்தக்கது.

4. முன்னாய்வுகள்

ஐரோப்பியத் தரவு: பெல்ஜியத்தின் ஸ்பா நகரம், ஜெர்மனியின் பாடன்-பாடன், இங்கிலாந்தின் பாத், செக் நாட்டின் கார்லோவி வேரி உட்பட 7 நாடுகளின் 11 ஊற்றுநீர் நகரங்களை யுனெஸ்கோ 2021-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கெல்லாம் மக்கள் முதலில் தண்ணீருக்குத்தான் போனார்கள். குடிப்பதற்கும் குளிப்பதற்கும் வாரக்கணக்கில் தங்கினார்கள். தங்கியவர்களுக்குப் பொழுது போகவேண்டுமே என்று பூங்காவும் கச்சேரி மண்டபமும் சூதாட்ட விடுதியும் பின்னால் வந்தன. அதாவது, ஸ்பாவின் வயிற்றில் விடுமுறை பிறந்தது.

உள்ளூர்த் தரவு இன்னும் வலுவானது. ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாபசுவாமி ஆறாட்டுக்காகச் சங்குமுகம் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். ஊர்வலம் விமான நிலைய ஓடுதளத்தைக் கடக்கவேண்டியிருப்பதால் சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படுகின்றன. ஒரு குளியலுக்காக ஊரின் போக்குவரத்து அட்டவணையையே மாற்றுவதற்கு இதைவிட மேலான முன்னுதாரணம் ஆய்வாளருக்குக் கிடைக்கவில்லை.

எதிர்த்தரப்பு: “காசும் கொடுத்து, எண்ணெயும் தேய்ச்சுக்கிட்டு, சீயக்காய் இல்லாம வர்றதா?” (பெரியம்மா, வாய்மொழி, பெட்டி கட்டும் வேளையில், மேற்படியார், மேற்படி, கூடுதல் குரலில்).

5. வகைப்பாடு

5.1 நட்சத்திர விடுதி ஸ்பா: புல்லாங்குழல், வெள்ளைத் துண்டு, வெள்ளரிக்காய்.

5.2 ஆயுர்வேத நிலையம்: பிழிச்சில், ஞவரக்கிழி, சிரோதாரை முதலியன இதில் அடங்கும். கேரளச் சுற்றுலாத் துறை இவற்றைத் தரம்பிரித்துச் சான்றளிக்கிறது. தகுதிபெற்ற மருத்துவர் இருக்கவேண்டும், ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும்தான் தேய்த்துவிட வேண்டும் என்பன நிபந்தனைகளுள் சில. இவ்வகையின் மகுடம் க்ஷீரபலா தைலம். குறுந்தொட்டி, பால், நல்லெண்ணெய் மூன்றையும் சேர்த்துக் காய்ச்சி, காய்ச்சியதையே மீண்டும் மீண்டும் 101 ஆவர்த்தி காய்ச்சுவார்கள். ஒரே தைலத்தை அத்தனை முறை காய்ச்சினால் வீரியம் ஏறுகிறது. ஒரே கட்டுரையை அத்தனை முறை காய்ச்சினால் பதவி உயர்வு ஏறுகிறது. முன்னதற்கு மட்டுமே பாலும் எண்ணெயும் செலவு.

5.3 களரி உழிச்சில்: மேலே கட்டிய கயிற்றைப் பிடித்தபடி ஆசான் காலால் மிதித்துத் தேய்க்கும் முறையும் இதில் உண்டு. மேலதிகாரியிடம் ஆண்டு முழுதும் மிதிபட்டவர்கள் விடுமுறையிலும் அதையே நாடுவது உளவியலார் கவனத்துக்குரியது.

5.4 அருவி: சுற்றுலாக் கையேடுகள் குற்றாலத்தைத் தென்னகத்தின் ஸ்பா என்று எழுதும். முன்பெல்லாம் உடல் நனைய எண்ணெய் பூசி, ஆள் வைத்து அடித்துத் தேய்த்து, பேரருவியிலோ ஐந்தருவியிலோ தலையைக் கொடுத்தால் சிகிச்சை முற்றிவிடும். முன்பதிவு கிடையாது, முண்டியடித்தல் உண்டு.

5.5 வீட்டு எண்ணெய்க் குளியல்: வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்றார்கள் முன்னோர். ஸ்பா செலவை மளிகைக் கணக்கில் எழுதத் தெரிந்தவர்கள்.

5.6 தேங்காய்: இது தனி இயல் வேண்டுவது.

6. தேங்காய்

பழவங்காடியில் முதன்மை வழிபாடு தேங்காய் உடைப்பது. கோயில் வாசலில் வாங்கி, அதற்கென்று இருக்கும் இடத்தில் ஓங்கி எறிய வேண்டும். இதை இதுகாறும் பக்தி என்ற ஒரு கோணத்திலேயே நோக்கிவிட்டோம். உடலியல் கோணத்தில் நோக்கினால் இது ஐந்து படிநிலைகள் கொண்ட முழுமையான சிகிச்சை என்பது புலனாகும்.

முதலாவது, தேர்வு. காயைக் காதருகே வைத்துக் குலுக்கி நீரின் ஓசை கேட்க வேண்டும். ஸ்பாக்களில் இதற்கு ஒலிநாடாவும் மங்கலான விளக்கும் தேவைப்படும். இரண்டாவது, ஓச்சல். மேசைக் கணினியின் முன் ஓராண்டாகக் காதைத் தாண்டி உயராத வலக்கை, விநாயகர் தயவால் தலைக்குமேல் போகிறது. மூன்றாவது, வீச்சு. இந்த இடத்தில் அறிஞர்கள் இரு பள்ளிகளாகப் பிரிகிறார்கள். வேகம் தோளிலிருந்து பிறக்கிறது என்பது தோள்பட்டைப் பள்ளி. கடைசி நொடியில் மணிக்கட்டைச் சுண்டுவதே சூட்சுமம் என்பது மணிக்கட்டுப் பள்ளி. ஒரு பள்ளியார் நடத்தும் கருத்தரங்குக்கு மறு பள்ளியார் போவதில்லை. போனாலும் மதிய உணவுக்குச் சற்று முன்னர்தான். “எறியத் தெரிஞ்சவன் எறியறான். தெரியாதவன் விளக்கம் கேக்கறான்” என்பது நடுநிலையாளர் கருத்து (தேங்காய்க் கடைக்காரர், முதற்பதிப்பு, சில்லறை இல்லாத நிலையில், திருத்திய பதிப்பு, சில்லறை கிடைத்தபின், கடுமை குறைக்கப்பட்டது).

நான்காவது, ஓசை. ஐந்தாவது, தெறிப்பு. சிரோதாரையில் நெற்றியின்மேல் எண்ணெய் நூலாக ஒழுகிக்கொண்டே இருக்கும். இங்கே அதே நெற்றியில் இளஞ்சூடான தேங்காய்நீர் ஒரே நொடியில் வந்து விழுகிறது. பிறர் எறிந்த காயின் நீரும் சேர்ந்து விழுவதால், கட்டணம் செலுத்தாதோரும் பயன்பெறும் ஒரே சிகிச்சை இது. சிதறுகாய் என்றால் பொறுக்கச் சிறுவர் ஓடிவருவார்கள் என்று எதிர்பார்த்துப் பழகிய திருநெல்வேலிக் குடும்பங்கள் இங்கே சற்று நேரம் திகைத்து நிற்பது தனியாகப் பதிவுசெய்யத்தக்கது.

பக்க விளைவும் உண்டு. சில காய்கள் உடையாமல் உருண்டுவிடும். அப்போது எறிந்தவர் முகத்தில் தோன்றும் மெய்ப்பாடு எட்டுக்குள் அடங்காது என்பார் உளர், அழுகையுள் அடக்குவாரும் உளர் (நாகர்கோவில் பெரியப்பா, ‘உருண்ட காயும் உருளாத கவலையும்’, குரல்பதிவு, மூன்று பாகங்கள், இரண்டாம் பாகத்தில் குக்கர் விசில் மட்டும், இதற்குப் பெரியம்மாவின் மறுப்புரை, அதே குக்கரை இறக்கியபின், அச்சேறாதது, மறுப்புக்கு மறுப்பாகப் பெரியப்பாவின் மௌனம், தேதியில்லை, இன்றுவரை தொடர்கிறது).

இவ்வளவும் ஒரு தேங்காய் விலைக்கு. பரீட்சை, விசா, பெண்ணின் கல்யாணம் என்று ஏதோ ஒன்றைச் சுமந்து வந்தவர், எறிந்து முடித்ததும் தோளைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டு நடக்கிறார். விடுதி ஸ்பாவிலிருந்து வெளியே வருபவர், ரசீதைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்.

7. முரண்பாடுகள்

எனில் ஸ்பா வேண்டவே வேண்டாமா? இவ்விடத்தில் ஆய்வாளர் சற்றுக் கவலையோடு சரக சம்ஹிதையைத் திறந்தார். பஞ்சகர்மச் சிகிச்சை பெற்றவர் உடம்பு தேறும்வரை தவிர்க்க வேண்டியவை எட்டு என்கிறது அந்நூல்: உரக்கப் பேசுதல், குலுங்கும் வண்டியில் போதல், அதிகமாக நடத்தல், ஒரே இடத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருத்தல், முன்னுண்டது செரிக்குமுன் உண்ணுதல், ஒவ்வாததை உண்ணுதல், பகலில் உறங்குதல், புணர்ச்சி.

முதல் ஏழையும் வரிசையாகச் செய்தால் அதன் பெயர் தமிழ்க் குடும்பச் சுற்றுலா. விடியலில் வேனில் கத்திக்கொண்டே புறப்பட்டு, பத்மநாபசுவாமி வரிசையில் நின்று, அருங்காட்சியகத்தில் நடந்து, தம்பானூரில் புட்டு, வேளியில் சிப்ஸ், கோவளத்தில் மீன், திரும்பும் வழியில் வேனிலேயே தூக்கம். எட்டாவது, பெரியம்மாவும் அதே அறையில் தங்குவதால் தானே விலக்கப்படுகிறது.

காலமும் ஒத்துவரவில்லை. கேரளத்தில் எண்ணெய்ச் சிகிச்சைக்கு உகந்தது கர்க்கடக மாதம், நம் ஆடி. மழையில் உடம்பு இளகியிருக்கும் என்பார்கள். அதே தென்மேற்குப் பருவக்காற்றின் சாரல்தான் மலைக்கு இந்தப் பக்கம் குற்றாலத்திலும் விழுகிறது. பள்ளி விடுமுறையோ, வியர்வையே எண்ணெயாக வழியும் மே மாதத்தில். ஸ்பாவும் விடுமுறையும் நாட்காட்டியிலேயே சந்திக்காமல் போகின்றன. சந்திக்க முடிந்தவர்கள் ஓய்வுபெற்றோரும், ஒரே பாயில் 14 நாள், 21 நாள் என்று கிடக்க வரும் ஐரோப்பியரும்தான். சுற்றிப் பார்க்க வருபவர் வேறு, சிகிச்சைக்கு வருபவர் வேறு என்று இந்திய அரசுக்கே புரிந்து, 2023-இல் ஆயுஷ் விசா என்று தனியாக ஒரு வகையை உண்டாக்கிவிட்டது.

8. முடிவுரை

வந்த வேலையே சிகிச்சை என்றால், ஸ்பாதான் விடுமுறை. ஊர் அதற்கு ஜன்னல். ஊர் பார்க்க வந்தவருக்கு, ஸ்பா ஒரு மணி நேர எண்ணெய். அதற்காகப் பயணத்திட்டத்தில் எதையும் வெட்டவேண்டியதில்லை, வெட்டினாலும் வெட்டப்படுவது ஸ்பாவாகத்தான் இருக்கும். விடுமுறைக்கு ஸ்பா முக்கியமா என்னும் கேள்வியே, விடுமுறையில் சும்மா இருக்கலாமா என்று வீட்டில் கேட்கக் கூச்சப்பட்டவர்கள் கண்டுபிடித்ததாக இருக்கலாம். காசு கட்டிவிட்டால் படுத்துக் கிடப்பதும் ஒரு காரியம் ஆகிவிடுகிறதல்லவா? மணிக்கு இவ்வளவு என்று ரசீது கொடுத்தால்தான் நம் மனசாட்சி சோம்பலை அனுமதிக்கிறது.

9. மேலாய்வுக் களங்கள்

குலுக்கிப் பார்த்த காயை வாங்காமல் வைத்துவிடுவோர் பெறும் பகுதிப்பயன். பத்மநாபசுவாமி வாசலில் வேட்டி கட்டத் தெரியாத மருமகன்களின் இடுப்புத் தசை இயக்கம். சீயக்காயின்றி எண்ணெய் போக்குவது குறித்துப் பெரியம்மாவின் வெளிவராத கருத்துகள். இக்கட்டுரையை மேற்கோள் காட்ட விரும்பும் ஆய்வாளர்கள் அதை வாசித்துவிட்டும் காட்டலாம். மரபு அதைக் கட்டாயமாக்கவில்லை.